பில்லிலிருந்து சேவைக் கட்டணத்தை எடுத்த பிறகு: கோவை உணவகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் 18 மேசைகள் கொண்ட ஒரு குடும்ப உணவகம். மதியம் சாப்பாடும் பிரியாணியும், இரவில் பரோட்டா, தோசை, தந்தூரி வகைகள். அந்த உணவகத்தின் ஜி.எஸ்.டி. கணக்கையும் சம்பளக் கணக்கையும் வெளியிலிருந்து பார்த்துக் கொடுப்பவன் நான். 2023 ஜூன் முதல் 2025 தீபாவளி வரை அங்கே நடந்ததைச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. தொகைகளை மட்டும் நூறு ரூபாய்க்கு முழுமையாக்கியிருக்கிறேன். பில் தொகைகள் அப்படியே உள்ளவை.

வேலை செய்பவர்கள் 34 பேர். சப்ளையர்கள் 11, கேப்டன்கள் (ஆர்டர் எடுத்து சப்ளையர்களை மேற்பார்ப்பவர்கள்) 2, மேசை துடைப்பவர்கள் 4, சமையலறையில் 12, பாத்திரம் கழுவுபவர்கள் 3, மேலாளர் ஒருவர், கல்லாவில் ஒருவர். சப்ளையர்களில் நான்கு பேர் திண்டுக்கல், தேனிப் பக்கத்துக்காரர்கள். மற்றவர்கள் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். உணவகத்துக்குப் பின் தெருவில் வாடகைக்கு எடுத்த இரண்டு வீடுகளில் தங்குகிறார்கள்.

பில்லில் சேவைக் கட்டணம் ஏன் வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போனால் முதலாளிக்கு நியாயம் செய்ததாக ஆகாது. பணத்தாசையில் தொடங்கியது அல்ல அது. நம் ஊரில் டிப்ஸ் என்பது பெரும்பாலும் மீதிச் சில்லறைதான். 470 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய் நோட்டு வைத்தால், சோம்புத் தட்டில் மூன்று பத்து ரூபாய் நோட்டுகள் திரும்பி வரும். அதில் ஒன்றையோ மூன்றையுமோ விட்டுவிட்டு எழுவோம். யாரும் சதவீதம் பார்த்துக் கொடுத்ததில்லை. சில்லறையை எடுத்துக்கொண்டு போகக் கூச்சம், அவ்வளவுதான். கைப்பேசியில் பணம் செலுத்தும் பழக்கம் வந்ததும் 470 என்றால் 470 மட்டுமே போகிறது. தட்டில் மீதி இல்லை, கூச்சத்துக்கும் இடமில்லை. 2023 தொடக்கத்தில் சப்ளையர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து முதலாளியிடம் போய், ஒரு நாளைக்கு 150, 200 என்று வந்துகொண்டிருந்தது இப்போது முப்பதும் நாற்பதுமாகிவிட்டது, சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது முழுக்க நியாயம்.

அந்த ஏப்ரலில் முதலாளி குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்வந்தார். அங்கே சாப்பிட்ட இடங்களில் பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம், அதன்மேல் அப்போதைய 8 சதவீத ஜி.எஸ்.டி. “ஒருத்தர்கூடக் கேள்வி கேட்கலைங்க சார், பேசாம கட்டிட்டுப் போறாங்க” என்றார் என்னிடம். சம்பளத்தைக் கூட்டினால் விலையைக் கூட்ட வேண்டும், விலையைக் கூட்டினால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பில்லின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்தால் மெனு கார்டில் விலை பழையபடியே இருக்கும். 2023 ஜூன் முதல் தேதியிலிருந்து 10 சதவீதம் சேர்த்தார்.

சட்டம் அப்போது எங்கே நின்றது

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருந்தது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. கொடுப்பது வாடிக்கையாளரின் விருப்பம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொடுக்காதவருக்கு உள்ளே வரவோ சேவை பெறவோ தடை போடக் கூடாது. உணவுத் தொகையோடு கட்டணத்தைச் சேர்த்து மொத்தத்துக்கு ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அதே மாதம் 20ஆம் தேதி இடைக்காலத் தடை கிடைத்தது. ஆகவே 2023 ஜூனில் முதலாளி செய்தது அன்றைய நிலையில் சட்டமீறல் என்று சொல்லிவிட முடியாது.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இதற்கு வரி உண்டா? உண்டு, பில்லில் வருகிற எல்லாமே உங்கள் விற்பனைதான், 5 சதவீதம் கட்ட வேண்டும் என்றேன். அந்தப் பணம் யாருக்குப் போகப்போகிறது என்று நான் கேட்கவில்லை.

2023 செப்டம்பரில் அந்த வழக்கில் இன்னொரு இடைக்கால உத்தரவு வந்தது. ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் ‘சேவைக் கட்டணம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘ஸ்டாஃப் காண்ட்ரிபியூஷன்’ என்று போட வேண்டும், அதுவும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. நம் முதலாளி அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. ஆனாலும் செய்தியைப் பார்த்துவிட்டு அக்டோபரில் பில் மென்பொருளில் பெயரை மாற்றச் சொன்னார். பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்தார். என் பார்வையில் பின்னால் வந்த சிக்கலின் வேர் இதுதான். ‘சேவைக் கட்டணம்’ என்றால் அது உணவகம் வாங்கும் கட்டணம் என்று வாதாடலாம். ‘ஊழியர்களுக்கான பங்களிப்பு’ என்று அச்சடித்துவிட்டால், அந்தப் பணம் ஊழியருடையது என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிறது.

2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வழிகாட்டு நெறிகள் செல்லும். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை. மனுப்போட்ட இரண்டு சங்கங்களும் தலா ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மறுநாளே முதலாளிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். “டெல்லி தீர்ப்புதானுங்களே, நம்ம பக்கம் வரட்டும் பார்க்கலாம்” என்று பதில் வந்தது. வழிகாட்டு நெறிகள் நாடு முழுமைக்குமானவை என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஏப்ரல் 5 இரவு

சனிக்கிழமை. ஆறு பேர் கொண்ட குடும்பம், ஒரு பாட்டியின் பிறந்தநாள். பரிமாறியவர் திண்டுக்கல் பக்கத்து சப்ளையர், நாற்பது வயதைத் தாண்டியவர். பாட்டிக்குப் பல் இல்லை என்று பார்த்ததும் யாரும் சொல்லாமலே சமையலறைக்குப் போய் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கோழிக் குழம்பில் காரம் குறைத்துத் தனியாக ஒரு கிண்ணம். இதையெல்லாம் பின்னால் அந்தக் குடும்பத்தலைவரே முதலாளியிடம் தொலைபேசியில் சொன்னார்.

பில் வந்தது. உணவு 4,200 ரூபாய். ஸ்டாஃப் காண்ட்ரிபியூஷன் 420. இரண்டும் சேர்ந்த 4,620க்கு ஜி.எஸ்.டி. 231. மொத்தம் 4,851. குடும்பத்தலைவர் அந்த நடு வரியைக் காட்டி சப்ளையரிடம் கேட்டார்: “தம்பி, இது உங்களுக்குத்தானே போகுது? முழுசா வருதுங்களா?”

அவர் சொன்ன பதில்: “கொஞ்சம் வருதுங்க சார். முழுசா இல்லைங்க.”

வாடிக்கையாளர் உடனே கோபப்பட்டுவிடவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள், இவருக்குக் கொடுக்க வேண்டியதை நான் கையில் கொடுத்துக்கொள்கிறேன் என்று கல்லாவில் கேட்டார். கம்ப்யூட்டரில் எடுக்க முடியாது என்றார் கல்லாக்காரர். அது உண்மை இல்லை. மேலாளரின் கடவுச்சொல் இருந்தால் எடுக்கலாம். மேலாளர் வந்து, மெனு கார்டிலேயே போட்டிருக்கிறது, பார்த்துவிட்டுத்தானே உட்கார்ந்தீர்கள் என்றார். குழந்தைகள் நின்றுகொண்டிருந்தார்கள், பாட்டிக்குக் கால் வலி. அவர் 4,851 ரூபாயையும் கட்டிவிட்டு, பில்லைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வண்டி நிறுத்துமிடத்துக்குப் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துப் போனவர் அதே சப்ளையர்தான். அங்கே வாடிக்கையாளர் அவர் கையில் 200 ரூபாய் வைத்தார். கேமராவில் அதைப் பார்த்த மேலாளர், உள்ளே வந்ததும் அந்த இருநூறை வாங்கிக்கொண்டார். கட்டணம் தொடங்கிய நாளிலிருந்து கையில் டிப்ஸ் வாங்கக் கூடாது என்பது விதி. அதோடு, வாடிக்கையாளரிடம் கணக்குப் பேசியதற்கு ஒரு நாள் சம்பளம் பிடிப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை சப்ளையர் வேலைக்கு வரவில்லை. பையையும் எடுத்துக்கொண்டு தங்குமிடத்தைக் காலி செய்திருந்தார்.

திங்கட்கிழமை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவான புகார் பற்றி உணவகத்துக்குத் தகவல் வந்தது. முதலாளி என்னை அழைத்தார். முதலில் அவர் கேட்டது அபராதம் எவ்வளவு வரும் என்பதைத்தான். நான் அந்தக் கட்டணத்தில் இதுவரை வந்த பணத்தின் கணக்கைக் கேட்டேன்.

கணக்கில் கண்டது

2025 பிப்ரவரி மாதத்தை எடுத்துக்கொண்டோம். உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டவர்களிடம் விற்பனை 12,64,000 ரூபாய். அதன்மேல் வசூலித்த கட்டணம் 1,26,400. ஊழியர்களுக்கு ‘ஊக்கத்தொகை’ என்று பிரித்துக் கொடுத்தது 51,000. தங்குமிட வாடகைக்கு 38,000. உடைந்த தட்டு, டம்ளர், சீருடை என்று 9,000. மீதி 28,400 ரூபாய்க்குத் தனியாக எந்தச் செலவும் எழுதப்படவில்லை. விற்பனையோடு விற்பனையாகக் கலந்திருந்தது.

முதலாளி இதை ஒளித்துவைக்கவில்லை. அவருக்கே மொத்தக் கணக்கு அன்றுதான் தெரிந்தது என்று நம்புகிறேன். “ரூம் வாடகை நான்தானுங்களே கட்டுறேன், அதுவும் அவங்களுக்குப் போறதுதானே” என்றார். கட்டணம் தொடங்குவதற்கு முன்பு அந்த வாடகை எங்கிருந்து போனது என்று கேட்டேன். உணவக வருமானத்திலிருந்து. அப்படியென்றால் கட்டணத்தில் வாடகைக்குப் போன பங்கு ஊழியர்களுக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை, முதலாளியின் பழைய செலவு ஒன்றை வாடிக்கையாளர் தலைக்கு மாற்றியிருக்கிறது. இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உடைந்த தட்டுக் கணக்கு இதைவிடத் தவறானது. அப்போது நடைமுறையில் இருந்த 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டப்படி, சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்றால் அந்த ஆளின் கவனக்குறைவால்தான் சேதம் நேர்ந்தது என்று காட்ட வேண்டும், பிடிப்பதற்கு முன் அவர் தரப்பையும் கேட்க வேண்டும். இங்கே யார் உடைத்தது என்றே தெரியாமல், 34 பேருக்கும் சேர வேண்டிய தொகையிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

சப்ளையர்கள், மேசை துடைக்கும் கிளீனர்கள், சமையலறைக்காரர்கள் என்று ஒன்பது பேரிடம் தனித்தனியாகப் பேசினேன். மாதம் எவ்வளவு வசூலாகிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒடிசா இளைஞர் ஒருவர், அது அரசாங்க வரி என்று நினைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் கேட்டபோதும் அப்படியே சொல்லியிருக்கிறார். பாத்திரம் கழுவும் அம்மாக்கள் மூவருக்கும் ஊக்கத்தொகை வந்ததே இல்லை. “அதெல்லாம் உள்ள நிக்கறவங்களுக்குங்க, நாங்க பின்னாடி” என்றார் ஒருவர்.

எடுத்த முடிவுகள்

முதலில் வாடிக்கையாளர். கட்டணமும் அதன்மேல் போட்ட வரியும் சேர்ந்து அவருக்குத் திரும்ப வர வேண்டியது 441 ரூபாய். சரியான பில் 4,200க்கு 5 சதவீத வரி சேர்ந்து 4,410தான். பலர் 420ஐ மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த 21 ரூபாயை மறந்துவிடுகிறார்கள். கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) போட்டுத் தொகையைத் திருப்பினோம். முதலாளியே பேசி வருத்தம் தெரிவித்தார். வாடிக்கையாளர் கேட்டது, “அந்த சப்ளையர் வேலையில இருக்காருங்களா?” என்பதுதான். இல்லை என்று உண்மையைச் சொன்னார்.

ஏப்ரல் 10 முதல் பில்லிலிருந்து அந்தக் கட்டணத்தை எடுத்தோம். ‘விரும்பினால் கொடுக்கலாம்’ என்று சேர்த்து அதை வைத்துக்கொள்ளலாமா என்று மேலாளர் கேட்டார். தானாகச் சேர்ந்து வருகிற தொகையை வேண்டாம் என்று சொல்லும் வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது விருப்பம் ஆகாது. வழிகாட்டு நெறி தடுப்பதும் அதைத்தான். வைக்கவில்லை.

அடுத்தது விலை. உணவின் விலையை நிர்ணயிக்கும் உரிமை உணவகத்துக்கு எப்போதும் உண்டு. அதற்கு எந்தத் தீர்ப்பும் குறுக்கே நிற்கவில்லை. ஊக்கத்தொகை 51,000, வாடகை 38,000, ஆக 89,000 ரூபாய் மாதாமாதம் வேண்டும். பார்சலும் ஆன்லைனும் சேர்த்து மொத்த விற்பனை ஏறத்தாழ 17,64,000. அதில் 5 சதவீதம் போதும். பார்சல் வாங்குபவருக்கு யாரும் பரிமாறவில்லையே, அவர் ஏன் கொடுக்க வேண்டும் என்று முதலாளி தயங்கினார். அடுப்படியில் நிற்பவர் பார்சலுக்கும் சேர்த்துத்தானே நிற்கிறார் என்றேன். இட்லி, மதியச் சாப்பாடு, டீ, காபி விலையைத் தொடவில்லை. தந்தூரியிலும் பிரியாணியிலும் 8 சதவீதம் வரை ஏற்றினோம். வாசலிலேயே விலையைப் பார்த்துவிட்டு ஒருவர் திரும்பிப் போகலாம். சாப்பிட்டு முடித்த பின் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. வெளிப்படையான விலையேற்றத்துக்கும் பில்லின் அடியில் வரும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இதுதான்.

51,000 ரூபாயைச் சம்பளத்தோடு சேர்த்தோம், பாத்திரம் கழுவும் மூவருக்கும் சேர்த்து. சம்பளமாக ஆனதும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் வந்தது. கையில் வாங்கிக்கொண்டிருந்ததைவிடச் சற்றுக் குறைவாக வந்ததால் அசாம் இளைஞர்கள் இருவர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய இருபத்திரண்டு வயதுப் பையனிடம் பி.எஃப். பற்றிப் பேசுவது எளிதில்லை. ஆனாலும் இந்த முடிவில் எனக்குச் சந்தேகமில்லை. ஊக்கத்தொகையை முதலாளி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், சம்பளத்தை அப்படி நிறுத்த முடியாது.

டிப்ஸ் யாருக்கு

நாங்கள் அதிகம் திணறியது இங்கேதான். கையில் வாங்கக் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டோம். ஆனால் கையில் நோட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? க்யூ.ஆர். அட்டை வேண்டும். யாருடைய கணக்குக்கு?

உணவகக் கணக்கு வேண்டாம் என்று நான் உறுதியாக இருந்தேன். அங்கே போனால் அது மறுபடியும் விற்பனையோடு கலக்கும். பிப்ரவரி மாதத்து 28,400 போலத்தான் ஆகும். ஒவ்வொரு சப்ளையரும் தன் கைப்பேசியை நீட்டுவது பரிமாறுபவருக்கும் சங்கடம், சாப்பிட்டவருக்கும் சங்கடம். கடைசியில் ஊழியர்களே தேர்ந்தெடுத்த இருவர், ஒரு கேப்டனும் பரோட்டா மாஸ்டரும், சேர்ந்து ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினார்கள். பில் வைக்கும் அட்டையின் உட்புறம் அந்தக் க்யூ.ஆர். ஒட்டப்பட்டது. கீழே தமிழில் ஒரே வரி: ‘இது முழுவதும் ஊழியர்களுக்கு. கட்டாயம் இல்லை.’

டிப்ஸைச் சம்பளக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று முதலாளி கேட்டார். வாடிக்கையாளர் மனமுவந்து ஊழியருக்குக் கொடுப்பது முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று வருமான வரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்திருக்கிறது. பெறுபவரின் வேறு வருமானமாக அது இருக்கும். ஆகவே சம்பளப் பதிவேட்டில் அது வரவில்லை. தனி நோட்டு ஒன்று போட்டோம்.

பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள சட்டம் டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்கிறது. எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுதி வைக்க வேண்டும், பதிவுகளை மூன்று ஆண்டுகள் காப்பாற்ற வேண்டும், வந்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நமக்கு இங்கே அப்படிச் சட்டம் இல்லை. அந்த மூன்று விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்: பங்கு விகிதம் எழுத்தில், நோட்டு எல்லோர் பார்வையிலும், பட்டுவாடா மாதம் 5ஆம் தேதிக்குள்.

விகிதத்தை ஊழியர்களே பேசி முடிவு செய்ய மூன்று இரவுகள் ஆயின. பரோட்டா மாஸ்டர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “கல்லு முன்னாடி ஆறு மணி நேரம் நிக்கறேன். ருசியா இருந்துச்சுன்னு சொல்லிட்டுத்தான் காசு வெக்கறாங்க. அந்த ருசி யாருது?” சப்ளையர்கள் தரப்பில், வாடிக்கையாளர் திட்டினால் வாங்கிக் கட்டிக்கொள்வது நாங்கள்தானே என்றார்கள். கிளீனர்கள் முதல் இரவு பேசவே இல்லை. முடிவில் பரிமாறுபவர்களுக்கு 60 சதவீதம், சமையலறைக்கு 20, துடைப்பவர்களுக்கும் கழுவுபவர்களுக்கும் 20 என்று நின்றது. கையில் கிடைப்பதும் பொதுக் கணக்குக்கே வர வேண்டும் என்று அப்போது எழுதினோம்.

பின்னர் நடந்தவை

1915 புகார், தொகை திரும்பியதும் முடிந்தது. அதே மாதம் டெல்லியில் ஐந்து உணவகங்கள் மீது ஆணையம் தானாகவே நடவடிக்கை எடுத்த செய்தி வந்தது. மேலாளரின் தயக்கம் அதோடு போனது.

விலையேற்றத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் பார்சல் குறைந்தது, மே மாதத்தில் பழைய அளவுக்கு வந்தது. பள்ளி விடுமுறை மாதம் என்பதால் இதை வைத்து நான் எதையும் நிறுவ மாட்டேன்.

டிப்ஸ் கணக்கில் மே மாதம் சேர்ந்தது 31,600 ரூபாய். பழைய கட்டணத்தோடு ஒப்பிட்டால் நாலில் ஒரு பங்கு. ஜூலையில் 47,000. அன்பாகக் கேட்டால் மக்கள் தாராளமாகக் கொடுப்பார்கள் என்று முன்பு முதலாளிக்கு நம்பிக்கையூட்டியவன் நான். அந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் அடிப்படைத் தொகை சம்பளத்துக்குள் போய்விட்டதால் டிப்ஸ் குறைந்த மாதத்தில்கூட யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. மழை பெய்து மேசைகள் காலியாகக் கிடந்தால் அதன் நஷ்டம் முதலாளியுடையது, பரிமாறுபவருடையது அல்ல. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜூன் கடைசியில் ஒரு நல்ல சப்ளையர் விலகினார். குடும்பங்கள் அவர் மேசையைக் கேட்டு உட்காருவார்கள். “என் முகத்துக்குன்னு குடுக்கறதைக் கொண்டுபோய்ப் பொதுவுல போடச் சொல்றீங்க. அது சரியில்லைங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஏப்ரலில் மேலாளர் அந்த இருநூறு ரூபாயைப் பிடுங்கியது தவறு என்றால், பொதுக் கணக்கின் பெயரில் நாங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுவே. ஜூலையில் விதியைத் திருத்தினோம். கையில் கொடுத்தது கைக்கு, க்யூ.ஆரில் வந்தது மட்டும் பொது. சமையலறைக்கு இது பிடிக்கவில்லை. அதனால் பொதுக் கணக்கில் அவர்கள் பங்கை 20இலிருந்து 30 ஆக்கி, பரிமாறுபவர்கள் 50க்கு இறங்கினார்கள். இந்த ஏற்பாடு நிற்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, இப்போதைக்கு நிற்கிறது.

அந்தத் திண்டுக்கல் சப்ளையர் திரும்பி வரவில்லை. முதலாளி மூன்று முறை அழைத்தார். காந்திபுரம் பக்கம் ஒரு மெஸ்ஸில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். 200 ரூபாயும் ஐந்து நாள் சம்பளமும் அவர் கைப்பேசிக்கு அனுப்பப்பட்டன. “வந்துருச்சுங்க” என்று ஒரு சொல் பதில்.

இப்போது செய்வதானால்

முதல் மாற்றம் என்னிடம். 2023இல் வரி உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஊழியர் பெயரைச் சொல்லி ஒரு உணவகம் பணம் வாங்கினால், அதற்குத் தனித் தலைப்பும் தனிப் பட்டுவாடாப் பதிவும் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போது வேறு கடைகளில் கேட்கிறேன். இரண்டு பேர் கேள்வி பிடிக்காமல் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

சப்ளையரை முதலாளி தொலைபேசியில் அழைத்திருக்கக் கூடாது, நேரில் போயிருக்க வேண்டும், மேலாளரையும் கூட்டிக்கொண்டு. எல்லோர் முன்னிலையிலும் பறித்த பணத்தை யாரும் பார்க்காத இடத்தில் திருப்பிக் கொடுத்தோம். இதை அப்போதே நினைத்தேன், சொல்லத் தயங்கினேன்.

கிளீனர்களையும் கழுவும் அம்மாக்களையும் முதல் இரவே தனியாகக் கேட்டிருந்தால் விகிதம் வேறு மாதிரி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சத்தமாகப் பேசத் தெரிந்தவர்களே விகிதத்தைப் போட்டார்கள்.

பழைய பாக்கியை நாங்கள் கடைசியில்தான் எடுத்தோம்; முதலில் எடுத்திருக்க வேண்டும். பெயர் மாறிய 2023 அக்டோபரிலிருந்து 2025 மார்ச் வரை, ஊழியர் பங்களிப்பு என்று வாங்கி, எந்தச் செலவிலும் எழுதாமல் கலந்துபோன தொகை 4,71,000 ரூபாய். சட்டம் இதைப் பற்றி என்ன சொல்லும் என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. பில்லில் நீங்கள் எழுதியது இது, கொடுத்துவிடுங்கள் என்றேன். பல வாரங்கள் பேசி, ஆறு மாதத்துக்கான 1,63,000 ரூபாயை 2025 தீபாவளிக்கு, போனஸோடு கலக்காமல் தனி உறையில் கொடுத்தார். மீதியைத் தவணையாகத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த ஆறு மாதத்தில் வேலை செய்துவிட்டு இப்போது அங்கே இல்லாதவர்கள் 14 பேர். பட்டியலை வைத்துக்கொண்டு கல்லாக்காரர் ஒவ்வொருவராக அழைத்தார். ஐந்து பேர் கிடைத்தார்கள், பணம் போய்ச் சேர்ந்தது. மற்ற ஒன்பது பேரின் எண்கள் அணைந்தோ மாறியோ இருக்கின்றன. அவர்களோடு தங்கியிருந்த பையன்கள் மூலம் ஊர்ப்பக்கம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். ஒன்பது உறைகள் பெயர் எழுதி, கல்லா மேசையின் பூட்டிய இழுப்பறையில் இருக்கின்றன.